நிதிநல அளவுகோல்: பத்துக் கேள்வி நல்லதுதான், அதைக் கொண்டு செய்கிற கணக்குதான் சரியில்லை

இலவசமாகக் கிடைக்கும் ஒரு கேள்வித்தாளுக்கு ரிவியூ எதற்கு என்று கேட்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வரவு செலவு, கடன், சேமிப்பு எல்லாம் திட்டமிடச் சொல்லித்தரும் அமைப்புகள் நிறையப் பேர் இப்போது இதை வைத்துத்தான் "எங்களிடம் வந்த பிறகு மக்களின் நிலை இத்தனை புள்ளி உயர்ந்தது" என்று அறிக்கை எழுதுகிறார்கள், அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த வருடத்துக்கான பணம் வருகிறது அல்லது நின்று போகிறது. அதனால் காசு கொடுத்து வாங்கும் சாமானைவிட இதைக் கொஞ்சம் கூடுதலாகவே தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொருள் இதுதான்: அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை 2015 கடைசியில் வெளியிட்ட நிதிநல அளவுகோல். பத்துக் கேள்விகள். நேரமில்லாதவர்களுக்கு ஐந்து கேள்வியோடு ஒரு சின்னப் பதிப்பும் உண்டு. பதில்களைக் கூட்டி ஓர் அட்டவணையில் பார்த்தால் 0 முதல் 100 வரையிலான அளவில் ஒரு மதிப்பெண் கிடைக்கும். இந்த மாதிரித் திட்டங்களில் அளவெடுக்கும் பக்கம் வேலை பார்க்கிறேன், ஆகவே இதோடு நன்றாகவே பழகியிருக்கிறேன். ஐந்துக்கு நாலு ஸ்டார் தருவேன். ஒரு ஸ்டாரைக் குறைத்தது கேள்விகளுக்காக இல்லை, அதன் காரணம் பின்னால் வருகிறது.

முதலில் பாராட்டு. இது வருவதற்கு முன் எப்படி அளந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்று ஒரு கணக்கு, அப்புறம் கூட்டு வட்டி, பணவீக்கம் என்று ஒரு சின்னப் பரீட்சை, வகுப்புக்கு முன் இவ்வளவு மார்க், பின் இவ்வளவு மார்க், முடிந்தது வேலை. கூட்டு வட்டி புரிந்துவிட்டால் வாடகை கட்ட முடிந்துவிடுமா? இந்த அளவுகோல் அந்த வழியில் போகவில்லை. சாதாரண மக்களிடமும், அவர்களோடு வேலை செய்யும் ஆலோசகர்களிடமும் விரிவாகப் பேசி, பண விஷயத்தில் நன்றாக இருப்பது என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டு, அதிலிருந்து நான்கு விஷயங்களைப் பிடித்திருக்கிறார்கள்: அன்றாட, மாதாந்தரப் பணம் கைக்குள் இருப்பது, திடீர் அடி விழுந்தால் தாங்குவது, இலக்கை நோக்கிப் போய்க்கொண்டிருப்பது, வாழ்க்கையை அனுபவிக்கக் கொஞ்சம் சுதந்திரம் இருப்பது. கடைசியாகச் சொன்னதை ஏழைகளிடம் யாரும் கேட்பதே இல்லை, அதைச் சேர்த்ததற்காகவே ஒரு வணக்கம்.

கேள்விகளும் அப்படியே பேச்சு வழக்கில் இருக்கின்றன. எதிர்பாராத பெரிய செலவு வந்தால் சமாளிக்க முடியுமா, மாதக் கடைசியில் கையில் ஏதாவது மிஞ்சுகிறதா, கல்யாணம், பிறந்தநாள் என்று யாருக்காவது பரிசு கொடுத்தால் அந்த மாதம் இழுத்துப்பிடிக்க வேண்டி வருமா, பணம் என் வாழ்க்கையை ஆட்டி வைக்கிறதா, இப்படி. எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள், எவ்வளவு கடன் என்று எங்கேயும் கேட்பதில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் உதவித்தொகை அலுவலகத்திலும் கடன் கொடுப்பவரிடமும் வருமானத்தைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவர்கள், இன்னொரு படிவத்திலும் அதையே எழுதச் சொன்னால் ஒன்று மறைப்பார்கள், இல்லை எழுந்து போய்விடுவார்கள். இதை நிரப்பச் சில நிமிடங்கள் போதும், யாருக்கும் கூச்சம் வருவதில்லை.

மதிப்பெண் போடும் இடத்தில்தான் கவனம் வேண்டும். பத்தில் ஆறு கேள்விகள் எதிர்மறையாகக் கேட்கப்பட்டவை, அவற்றுக்குப் புள்ளியைத் திருப்பிப் போட வேண்டும். எல்லாம் கூட்டினால் 0 முதல் 40 வரை ஓர் எண் வரும், அது மதிப்பெண் இல்லை. அதை அட்டவணையில் தேட வேண்டும். அந்த அட்டவணையிலும் 18 முதல் 61 வயது வரை ஒரு பத்தி, 62-ம் அதற்கு மேலும் ஒரு பத்தி, தானே நிரப்பினால் ஒன்று, இன்னொருவர் படித்துக் காட்டிக் கேட்டால் வேறொன்று. அதே 20 கூட்டுத்தொகைக்கு எந்தப் பத்தியில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறும். நான் பார்த்த எக்செல் கோப்புகளில் பாதியில் இது நடக்காமல், 40-க்கு வந்ததை 2.5-ஆல் பெருக்கி 100 ஆக்கி வைத்திருந்தார்கள். இன்னொரு வகை, முதல் முறை காகிதத்தில் அவர்களே நிரப்பியிருப்பார்கள், ஆறு மாதம் கழித்து ஊழியர் போனில் கேட்டு எழுதியிருப்பார், இரண்டுக்கும் ஒரே பத்தி. அப்படிக் கிடைத்த உயர்வில் எவ்வளவு குடும்பத்துடையது, எவ்வளவு பத்தி மாறியதால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இத்தனை பத்திகள் வைத்தது வெட்டி வேலை இல்லை. நேரில் ஒருவர் கேட்டால் மனிதர்கள் கொஞ்சம் நல்லபடியாகவே சொல்வார்கள், அதற்குத்தான் அட்டவணை இடம் விட்டிருக்கிறது. ஆனால் கேட்பவர் யாரோ ஒரு கணக்கெடுப்பாளர் இல்லாமல், கடன்காரரிடம் உங்களுக்காகப் பேசித் தவணையைக் குறைத்துத் தந்த அதே ஆலோசகர் என்றால்? அவர் எதிரே உட்கார்ந்து "இப்போது எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்கும்போது "அப்படியேதான் இருக்கிறேன்" என்று சொல்ல யாருக்கு மனசு வரும். எந்த அட்டவணையும் இதைத் திருத்தாது. கேட்பவரை மாற்றுவது ஒன்றுதான் வழி.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பெண் உயர்ந்தது என்பது ஒரு செய்தி. திட்டத்தால் உயர்ந்தது என்பது முற்றிலும் வேறு செய்தி. இந்த அளவுகோல் முதலாவதை மட்டும் சொல்லும், இரண்டாவதைச் சொல்வதாக அது எங்கேயும் சொல்லிக்கொள்ளவும் இல்லை, சேர்த்துச் சொல்வது நாம்தான்.

நிதி ஆலோசனைக்கு ஒரு குடும்பம் எப்போது வருகிறது? எல்லாம் நன்றாக ஓடும்போது வருவதில்லை. வேலை போனபோது, வாடகை பாக்கி நோட்டீஸ் வந்தபோது, வண்டி பழுதாகிக் கடனும் வாங்கியாயிற்று என்கிறபோதுதான் வருகிறார்கள், அதாவது இருப்பதிலேயே மோசமான நாளில் முதல் மதிப்பெண் எடுக்கப்படுகிறது. ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைக்கும், நோட்டீஸ் பிரச்சினை எப்படியோ தீரும், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் மதிப்பெண் ஏறும். முன்னும் பின்னும் மட்டும் அளக்கிற திட்டம் இந்த ஏற்றத்தை முழுசாகத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்காவின் டல்சா நகரத்தில் 1998-ல் தொடங்கிய சேமிப்புத் திட்டச் சோதனை. குறைந்த வருமானத்தில் வேலை செய்யும் 1,103 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நிதிப் பயிற்சியும் சிறப்புச் சேமிப்புக் கணக்கும், வீடு வாங்கச் சேமித்தால் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர் மேலே போட்டுத் தருவதும். மறுபாதிக்கு ஒன்றும் கிடையாது. நான்கு வருடத்துக்குப் பக்கத்தில் பார்த்தபோது திட்டத்தில் இருந்தவர்களில் வீடு வாங்கியவர்கள் கூடுதலாக இருந்தார்கள். பத்து வருடம் கழித்து மறுபடி பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, கிடைக்காதவர்களும் தங்கள் வழியில் வீடு வாங்கி எட்டிப் பிடித்துவிட்டார்கள். அந்த மறுபாதி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், "எங்கள் திட்டத்தில் சேர்ந்தவர்களில் இத்தனை பேர் இப்போது சொந்த வீட்டில்" என்று ஒரு அழகான அறிக்கை வந்திருக்கும், அதில் ஒரு வரிகூடப் பொய்யாக இருந்திருக்காது.

எல்லா அமைப்பாலும் குலுக்கல் போட முடியாது, தெரியும். உதவி கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப மனசு வராது, வரவும் கூடாது. ஆனால் காத்திருப்புப் பட்டியல் உள்ள இடங்களில் அதுவே ஒப்பீட்டுக் குழு. எப்படியும் மூன்று மாதம் காத்திருக்கப் போகிறவர்களிடம் பெயர் பதியும்போது ஒரு தடவை, ஆலோசனை தொடங்கும்போது ஒரு தடவை கேட்டு வைத்தால், திட்டம் இல்லாமலேயே எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். கூடுதல் செலவு அநேகமாக இல்லை. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் இதைச் செய்யலாம் என்றபோது, பணம் தரும் தரப்பிலிருந்து வந்த பதில், "அப்படி அளந்தால் எண் சிறிதாகிவிடுமே". ஆகத்தான் செய்யும்.

ஆராய்ச்சி உலகத்திலும் இதே இழுபறிதான். 2014-ல் 201 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, பண நடத்தை ஆளுக்கு ஆள் மாறுவதில் நிதிக் கல்வியால் விளக்க முடிகிற பங்கு 0.1% மட்டும் என்றது, குறைந்த வருமானக்காரர்களிடம் விளைவு இன்னும் பலவீனம் என்றும் சேர்த்துச் சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு எல்லாம் வீண் என்று பேசினார்கள். 2022-ல் வெளியான இன்னொரு தொகுப்பு குலுக்கல் முறைச் சோதனைகளை மட்டும் எடுத்தது, மொத்தம் 76 சோதனைகள், 1,60,000-க்கும் மேற்பட்டவர்கள். அறிவிலும் நடத்தையிலும் நல்ல விளைவு உண்டு என்று வந்தது. இரண்டையும் வைத்துச் சண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: இரண்டும் பேசுவது அறிவையும் நடத்தையையும் பற்றி. பட்ஜெட் போடப் பழகிய குடும்பத்துக்கு நெஞ்சில் பாரம் குறைந்ததா என்பது அடுத்த கேள்வி, இந்த அளவுகோல் தொட முயல்வது அந்தக் கேள்வியை.

அங்கேதான் இதன் பலவீனமும் இருக்கிறது. இந்த மதிப்பெண் திட்டமிடுதலைவிடப் பணத்தின் வரத்துக்குத்தான் அதிகம் அசையும் என்பது என் எண்ணம். அமெரிக்க மத்திய வங்கி வருடா வருடம் ஒரு கேள்வி கேட்கிறது, 400 டாலர் அவசரச் செலவு வந்தால் கையிருப்பில் சமாளிப்பீர்களா என்று. 2013-ல் முடியும் என்றவர்கள் 50%, 2021-ல் 68%, 2022-ல் 63%. 2021-ல் நாடு முழுக்க எல்லோரும் பட்ஜெட் போடக் கற்றுக்கொண்டு அடுத்த வருடமே மறந்துவிடவில்லை. பெருந்தொற்றுக் கால நிவாரணப் பணம் வந்தது, பிறகு நின்றது, விலைவாசியும் ஏறியது. அந்த 2021-ல் ஒரு நிதித் திட்டமிடல் நிகழ்ச்சி நடத்தி முன்னும் பின்னும் அளந்தவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாதத்துக்கு மாதமும் இதே கதை. 2012, 2013-ல் அமெரிக்காவில் 235 குடும்பங்களின் வரவு செலவை ஒரு வருடம் கூடவே இருந்து குறித்துக்கொண்டு வந்த ஓர் ஆய்வில், சராசரியாக வருடத்தில் ஐந்து மாதங்கள் வருமானம் வழக்கத்தைவிட 25%-க்கு மேல் கூடியோ குறைந்தோ போனது தெரிந்தது. ஆகவே நீங்கள் எந்த மாதத்தில் கேள்வித்தாளை நீட்டுகிறீர்கள் என்பதே பாதி விடை. தொடக்கத்தை நெருக்கடியான மாதத்திலும் முடிவை கூடுதலாகக் கட்டிய வருமான வரி திரும்பி வரும் மாதத்திலும் வைத்தால் எந்தத் திட்டமும் ஜெயித்துவிடும். நான் பரிந்துரைப்பது, ஒரே மாதத்தில் அடுத்தடுத்த வருடம் அளப்பது, அது முடியாவிட்டால் நடுவில் இரண்டு மூன்று முறை ஐந்து கேள்விப் பதிப்பைக் கேட்டுச் சராசரி பார்ப்பது. சின்னப் பதிப்புக்கு எனக்குத் தெரிந்து நியாயமான ஒரே உபயோகம் இதுதான், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பத்துக் கேள்வியையே வையுங்கள்.

அப்புறம் காணாமல் போகிறவர்கள். தொடக்கத்தில் 100 பேர், ஒரு வருடம் கழித்து போன் எடுத்தவர்கள் 45 பேர் என்று வைத்துக்கொள்வோம். போன் எடுக்காதவர்கள் யார்? வாடகை கட்ட முடியாமல் வீடு மாறியவர்கள், பில் கட்டாமல் எண் துண்டிக்கப்பட்டவர்கள், இரண்டு வேலை பார்ப்பதால் பேச நேரமில்லாதவர்கள். அறிக்கையில் மட்டும் "பங்கேற்றவர்களின் சராசரி உயர்வு" என்று இருக்கும். மயாமி, நியூயார்க் நகரங்களில் இரண்டு நிதிப் பயிற்சி நிகழ்ச்சிகளைக் குலுக்கல் முறையில் சோதித்து 2015-ல் வெளிவந்த ஆய்வு இந்த விஷயத்தில் நேர்மையானது. அதில் வாய்ப்புத் தரப்பட்டவர்களில் கணிசமானோர் பயிற்சிக்கு வரவே இல்லை, ஆனாலும் வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் வாய்ப்புக் கிடைத்த மொத்தக் கூட்டத்தையும் கிடைக்காத கூட்டத்தையும் ஒப்பிட்டார்கள், ஆள் கிடைக்காத இடத்தில் கடன் தகவல் பதிவேடு கைகொடுத்தது. இரண்டு ஊரிலும் விளைவு ஒரே மாதிரி வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

கடன் பதிவேடு என்றதும், அப்படியானால் கிரெடிட் ஸ்கோரை மட்டும் பார்த்தால் போதாதா என்று சிலர் வருவார்கள். போதாது. அமெரிக்காவில் மட்டுமே லட்சக்கணக்கான பெரியவர்களுக்குக் கடன் பதிவே இல்லை, குறைந்த வருமானப் பகுதிகளில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். கடன் தொகை குறைந்தால் நல்லது என்பதும் எப்போதும் சரியில்லை. அநியாய வட்டிக்கு வாங்கியதை அடைத்துவிட்டு, வங்கியில் குறைந்த வட்டிக்குக் கொஞ்சம் பெரிய கடன் வாங்கிய குடும்பம் முன்னேறியிருக்கிறது, தொகை கூடியிருக்கிறது. சேமிப்பு ஏறியிருக்கிறது, ஆனால் மருந்து வாங்குவதைக் குறைத்து ஏறியது என்றால் அதை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? இந்த மாதிரிச் சமயத்தில் நிதிநல மதிப்பெண் ஒரு நல்ல சாட்சி, ஏனென்றால் தொகை ஏறினாலும் அந்த மனிதருக்கு மூச்சு முட்டினால் அது இதில் தெரியும்.

ஆகவே தனியாக வேண்டாம், கூட நாலு கெட்டியான விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். போன மூன்று மாதத்தில் தாமதக் கட்டணமாக எவ்வளவு போனது, எத்தனை பில் பாக்கி, அதிக வட்டிக் கடன் எத்தனை, வருமானம் நின்றால் எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும். இதில் தாமதக் கட்டணம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ரசீது இருக்கும், பொய் சொல்லத் தோன்றாது, வருமானம் ஒரு காசு ஏறாமலேயே வெறும் திட்டமிடலால் குறையக்கூடிய செலவு அது. திட்டத்தின் பெயரில் தைரியமாக எழுதிக்கொள்ளக்கூடிய மாற்றங்களில் முதல் இடம் அதற்குத்தான்.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. 2016 கடைசியில் அமெரிக்காவில் 6,394 பேரிடம் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில் சராசரி மதிப்பெண் 54. சராசரியிலிருந்து ஆளுக்கு ஆள் விலகல் சுமார் 14 புள்ளி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இரண்டு குழுக்களுக்கிடையே 5 புள்ளி வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிடிக்க ஒவ்வொரு பக்கமும் 120 பேருக்கு மேல் வேண்டும். 3 புள்ளி என்றால் 340-ஐத் தாண்டும். தொடக்க மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்தால் இது ஓரளவு குறையும். 30 பேரை வைத்துக்கொண்டு 2.7 புள்ளி உயர்வு என்று தசமம் வரை எழுதுவது எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. எத்தனை புள்ளி ஏறினால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் உண்மையாகவே ஏதோ மாறியது என்று அர்த்தம், இதற்கு முகமையின் வழிகாட்டி ஒரு கோடு போட்டுத் தரவில்லை. நான் குறைத்த ஒரு ஸ்டார் அதற்காகத்தான். சின்ன அமைப்புகள் எண்ணை ஊதிக் காட்டுவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கோடு இல்லாததுதான்.

அதிகாரபூர்வமாக ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கிடைக்கிறது. வேறு மொழியில் பெயர்த்துக்கொள்ளலாம், ஆனால் அட்டவணை அந்தப் பெயர்ப்புக்குப் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை, அந்த நிலையில் வேறு நாட்டுச் சராசரியோடு ஒப்பிடாமல் உங்கள் ஆட்களை உங்கள் ஆட்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கடைசியாக, நிரப்பியவர்கள் "என் மார்க் எவ்வளவு" என்று நிச்சயம் கேட்பார்கள். முகமையின் தளத்தில் நிரப்பினால் உடனே சொல்லிவிடும், மற்றவர்களோடு ஒப்பிட்டும் காட்டும். என் வேலையில் நான் எண்ணை எடுத்தவுடன் சொல்வதில்லை. 38 என்று கேட்டு ஒருவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? அதற்குப் பதில் அவர் குறித்த பதில்களை எடுத்து எதிரே வைத்து, மாதக் கடைசியில் எப்போதும் மிஞ்சுவதில்லை என்று போட்டிருக்கிறீர்களே, ஒரு மாதம் விடாமல் அப்படியா, இல்லை பள்ளிக் கட்டணம் வரும் மாதங்களில் மட்டுமா என்று கேட்டால் பேச்சு அங்கிருந்து தொடங்கிவிடும். எண் வேண்டுமென்று பிறகும் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், அது அவர்களுடையதுதானே.